சோல்ஷாரின் கோல் அதிர்ஷ்டம் அல்ல

ஐரோப்பிய கால்பந்து கிளப்புகளுக்கான 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியில், ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கிற்கு எதிராக மான்செஸ்டர் யுனைடெட் வீரர் ஓலே குன்னர் சோல்ஷார் அடித்த கோலை, நான் படித்த ஒரு கட்டுரை ‘அதிர்ஷ்டம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. ஏற்க முடியவில்லை. மாற்று வீரராகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே எதிரணியின் தடுப்பாட்டக்காரர்கள் எங்கே இடம் விடுகிறார்கள் என்று கவனிப்பது அவர் வழக்கம். அதே ஆண்டு பிப்ரவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக மாற்று வீரராக வந்து, கடைசி நிமிடங்களில் 4 கோல் போட்டாரே! பார்சிலோனாவில் நடந்த அந்த இறுதிப் போட்டியில், சக வீரர் பெக்காமின் கார்னர் கிக்கை இன்னொரு சக வீரர் ஷெரிங்ஹாம் தலையால் தட்டிவிட, இவர் வலது காலைச் சட்டென நீட்டி வலையின் மேல்பகுதிக்கு அனுப்பினார். 2003-ல் முழங்கால் காயம் வராதிருந்தால் யுனைடெட்டுக்கு 126 கோலோடு நின்றிருக்க மாட்டார். 2007-ல், 34 வயதில் ஓய்வு. அந்தக் காயத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.