பிராண்டு பார்த்தால் மட்டும் போதுமா?

பொம்மைப் பெயிண்டில் இருக்கும் ஈயம் (lead என்ற நச்சு உலோகம்) பற்றி வந்த கட்டுரையில், “பெரிய கம்பெனி பொம்மை என்றால் ஈயப் பயம் வேண்டாம்” என்று இருக்கிறதே, அதை ஏற்க முடியவில்லை. 2007 ஆகஸ்டில் பெரிய பொம்மை கம்பெனியான மேட்டல், டிவி பாத்திரங்களான டோரா, எல்மோ உள்ளிட்ட தன் ஃபிஷர் பிரைஸ் பிராண்டு பொம்மைகளை அமெரிக்காவில் மட்டும் சுமார் 9,67,000 திரும்பப் பெற்றது. சீனாவில் செய்து கொடுத்த ஆலை பூசிய பெயிண்டில் ஈயம்! மறுவருடம்தான் அமெரிக்காவில் புதுச் சட்டம் போட்டு, பெயிண்டில் ஈய வரம்பை 600 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சம் பங்கில் 600 பங்கு) 90க்குக் குறைத்தார்கள்.

பெயிண்டின் அந்தப் பளிச் மஞ்சள், சிவப்பு நிறத்துக்குப் பல நேரம் ஈயக் குரோமேட் என்ற, ஈயம் கலந்த நிறப்பொடிதான் காரணம். கண்ணால் பார்த்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகளோ எதையும் முதலில் வாயில்தான் வைப்பார்கள்; பெரியவர்களைவிட அவர்கள் உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும், மூளை வளர்ச்சியே பாதிக்கும். அப்புறம், பரணில் கிடக்கும் பெயிண்ட் உரிந்த பழைய பொம்மையை “பாட்டி காலத்துது” என்று இறக்கிக் கொடுக்காதீர்கள்; அந்தப் பெயிண்டிலும் ஈயம் இருக்கலாம்.