நேரம் பின்னோக்கிப் போனால் மதர்போர்டு போய்விட்டதா?
கணினியை அணைத்துப் போட்டால் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறது, இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டுகின்றன என்று பாலக்கோட்டு நண்பர் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொன்ன ஒருவர், மதர்போர்டு (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை) பழுது, மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் இதற்குக் காரணம் மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரிதான். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அதன் வகை சிஆர்2032, 3 வோல்ட்.

திறக்காமலேயே சோதிக்கலாம். நேரத்தைச் சரிசெய்து கணினியை அணையுங்கள். சுவர் சுவிட்சை மட்டும் அணைக்காதீர்கள். காலையில் நேரம் சரியாக இருக்கும், ஏனென்றால் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரத்துக்கு எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி) ஊட்டம் தரும். (இரவில் கரண்ட் போனால் கணக்கில்லை.) மறுநாள் சுவர் சுவிட்சையும் அணையுங்கள். அப்போது மட்டும் நேரம் தொலைந்தால் பேட்டரி தீர்ந்திருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் கழற்றி அளந்து பாருங்கள்: புதியது 3 வோல்ட்டோ சற்று மேலோ காட்டும்.

மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பேட்டரி தருமபுரியில் கைக்கடிகாரக் கடையிலேயே கேட்கலாம், மதர்போர்டு விலையோடு ஒப்பிடவே வேண்டாம். பிறகு பயாஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) தேதியை ஒருமுறை பதியுங்கள். புதிய பேட்டரி போட்டும் நேரம் நிற்கவில்லை என்றால், அப்போது மதர்போர்டைச் சந்தேகிக்கலாம்.