‘ரோபஸ்ட்’ நிலைப்பிழை போட்டால் விலகல் மதிப்புகள் பாதிக்காதா? உண்மை விளக்கம்

“பாய்சான் தொடர்புப்போக்கில் ரோபஸ்ட் நிலைப்பிழையைப் போட்டுவிட்டால், தரவில் ஓரிரு ராட்சத எண்கள் இருந்தாலும் கவலையில்லை” என்று மருத்துவ ஆய்வு மாணவர்களிடையே ஒரு குறிப்பு சுற்றுகிறது. இது தவறு. பாய்சான் தொடர்புப்போக்கு (Poisson regression) என்பது எண்ணிக்கைத் தரவுக்கான புள்ளியியல் மாதிரி; நிலைப்பிழை (standard error) என்பது மதிப்பீடு எவ்வளவு தள்ளாடும் என்பதன் அளவு; அந்த ராட்சத எண்கள்தான் விலகல் மதிப்புகள்.

கற்பனையாகப் பத்து நோயாளிகள். ஓராண்டில் மருத்துவமனைக்கு வந்த தடவைகள்: 0, 1, 1, 2, 0, 1, 3, 1, 1, 40. விளக்க மாறி (வயது போன்ற காரணி) எதுவும் இல்லாத பாய்சான் மாதிரியின் மதிப்பீடு வெறும் சராசரிதான்: 5. ஒன்பது பேர் 3 தடவைக்கு மேல் வரவே இல்லை! ரோபஸ்ட் நிலைப்பிழை நம்பக இடைவெளியை (மதிப்பீட்டைச் சுற்றி, உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லையை) அகலமாக்கும். அந்த 5 அசையாது. அது சரிசெய்வது மாறுபாட்டைப் பற்றிய தவறான அனுமானத்தை மட்டுமே.

குழப்பத்துக்குப் பெயர்தான் காரணம். புள்ளியியலாளர் பீட்டர் ஹ்யூபர் 1964இல் தந்தது விலகல் மதிப்புகளைத் தாங்கும் மதிப்பீட்டு முறை. 1967இல் தந்தது இந்த நிலைப்பிழைக்கான அடித்தளம். இரண்டுக்கும் ‘ரோபஸ்ட்’ என்ற ஒரே அடைமொழி!

எண்ணிக்கைத் தரவுக்கு முதல் வகை வேண்டுமென்றால், 2001இல் கன்டோனியும் ரொங்கெட்டியும் வகுத்த முறை இருக்கிறது. பெரிய எச்சம் (மாதிரி கணித்த எண்ணுக்கும் உண்மை எண்ணுக்கும் உள்ள வேறுபாடு) கொண்ட பதிவின் எடையை அது குறைக்கும். ஆனால் அந்த 40 தட்டச்சுப் பிழையா, உண்மையிலேயே தீராத நோய் கொண்டவரா என்பதை எந்த முறையும் சொல்லாது; நோயாளிப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும்.