செவுரு கட்டித் தந்தா வாயையும் கட்டிரலாமா?

காந்தி ஜெயந்தி அன்னிக்கு நம்ம ஊர்க் கிராம சபையில என்ன நடந்துச்சுன்னு ஊர்க்காரங்க எல்லாருக்கும் தெரியும். சென்னையிலயும் துபாய்லயும் இருக்கவங்களுக்கும் வாட்ஸாப்புல வீடியோ வந்திருக்கும். அதனால முழுக்கதையும் திரும்பச் சொல்லப் போறதில்ல. கல் குவாரி நடத்துற அண்ணாச்சி பள்ளிக்கூடத்துக்குச் செவுரு கட்டித் தாராருன்னு சொல்லி, குவாரியப் பெருசாக்கக் கூடாதுன்னு கேட்ட எங்க சித்திய உக்கார வச்சுட்டாங்க, அதான் சங்கதி. அதப் பத்தி அன்னிக்கு ராத்திரி நான் போட்ட நாலு வரிப் பதிவுக்குக் கீழ வந்த ஒரு கமெண்ட்டுதான் என்னத் தூங்க விடல. "அவரு காசு, அவரு செலவழிக்காரு. உனக்கு எதுக்குல வயிறு எரியுது?"

எழுதுனது முகம் தெரியாத ஆளு இல்ல. என்கூட ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவன். அதுக்கு விழுந்த லைக்கெல்லாம் நம்ம சொந்தக்காரங்க போட்ட லைக்கு. சரி, பதில் சொல்றேன். நீளமாத்தான் சொல்லுவேன், பொறுமை இருக்கவங்க படிங்க.

அண்ணாச்சி பணக்காரரா இருக்கிறதுல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஒரு பழைய டிராக்டர வச்சுக்கிட்டு செங்கல் லோடு அடிச்ச காலத்துல இருந்து அவர எனக்குத் தெரியும். உழைச்சாரு, சம்பாதிச்சாரு. காரு வாங்கட்டும், பாளையங்கோட்டையில பங்களா கட்டட்டும், மகளுக்கு ஊரே மெச்சக் கல்யாணம் பண்ணட்டும். அவர் காச அவர் இஷ்டப்படி செலவழிக்கட்டும். ஊர் முடிவையும் சேர்த்து அவரே வச்சுக்கிடுறதத்தான் நான் கேக்குறேன்.

அன்னிக்குக் கூட்டத்துல எங்க சித்தி எந்திரிச்சு என்ன கேட்டா? "வெடி போடுத நேரத்துல தொட்டில்ல கெடக்க புள்ள தூக்கித் தூக்கிப் போடுதுய்யா. அடுக்களைச் செவுத்துல வெரல் நுழையுத வெடிப்பு விட்டிருக்கு. கிணத்துத் தண்ணியில வெள்ளையா தூசி படிஞ்சு கெடக்கு. குவாரிய இன்னும் பெருசாக்கக் கூடாதுன்னு தீர்மானம் போடுங்க." அவ்வளவுதான் கேட்டா. பின்னால இருந்து ஒரு குரல்: "எக்கா, உக்காருங்க. அண்ணாச்சிதான பள்ளிக்கூடத்துக்குச் சுத்துச்செவுரு கட்டித் தாராவ. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு இந்தப் பேச்சு?" உடனே கைதட்டல். கூட்டத்த மேற்பார்வை பாக்கப் பற்றாளரா வந்த அதிகாரி போனப் பாத்துக்கிட்டு இருந்தாரு. கிளார்க் தீர்மான நோட்ட மூடிட்டு, "அடுத்த கூட்டத்துல பாத்துக்கிடலாம்"னாரு. உள்ள நுழையும்போதே எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கியாச்சு. ஆக, குவாரியப் பத்தி ஒரு வரி கூட இல்லாத அந்த நோட்டுல சித்தி கையெழுத்தும் இருக்கு, என் கையெழுத்தும் இருக்கு. தீர்மானத்த எழுதி வாசிச்சுக் காட்டுன பெறவுதான் கையெழுத்துன்னு நாம அன்னிக்கே நின்னிருக்கணும். நவம்பர் 1 கூட்டத்துல அப்படித்தான் நிக்கணும்.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது ஒன்னு இருக்கு. அண்ணாச்சி அந்தக் கூட்டத்துக்கே வரல. வர வேண்டிய தேவை அவருக்கு இல்ல. யாரையும் மிரட்டல, யாருக்கும் போன் பண்ணல. அவர் சார்பா நம்ம ஆளே எந்திரிச்சு நம்ம ஆள உக்கார வைக்கான். பணம் ஒரே எடத்துல குவிஞ்சா முடிவும் அங்கயே போய்ச் சேந்துரும்னு நான் சொல்றது இதத்தான்.

இது ஏதோ ஒரு பட்டிக்காட்டுச் சங்கதின்னு நெனைக்காதீங்க. டெல்லியிலயும் இதேதான் நடந்துச்சு, அதுவும் நம்ம தூத்துக்குடியோட சம்பந்தப்பட்ட சங்கதி. வேதாந்தாங்கிறது லண்டன் கம்பெனி. அதோட இங்க இருந்த நிறுவனங்கள்கிட்ட, ஸ்டெர்லைட்டும் அதுல ஒன்னு, காங்கிரசும் பா.ஜ.க.வும் நன்கொடை வாங்கியிருந்தாங்க. வெளிநாட்டுக் காசு அரசியல் கட்சிக்கு வரக் கூடாதுங்கிறது சட்டம். ரெண்டு கட்சியும் சட்டத்த மீறிட்டாங்கன்னு டெல்லி உயர் நீதிமன்றம் 2014 மார்ச்சுல தீர்ப்புச் சொல்லிருச்சு. பெறவு என்ன ஆச்சு? யார் மேலயும் நடவடிக்கை வரல, சட்டத்தையே மாத்திட்டாங்க. 2016 நிதிச் சட்டத்துல, வெளிநாட்டு நிறுவனம்னா எதுங்கிற விளக்கத்தத் திருத்தி 2010ல இருந்து செல்லும்னாங்க. கேசுல இருந்த நன்கொடை அதுக்கும் முந்துனதாச்சே! அதனால 2018 நிதி மசோதாவுல இன்னொரு திருத்தம்: 1976 ஆகஸ்டு 5ல இருந்தே செல்லும். நாப்பது வருசத்துக்கு மேல பின்னால போய் தப்ப சரியாக்குறாங்க. அந்த மசோதா மக்களவையில 2018 மார்ச் 14ஆம் தேதி அமளிக்கு நடுவுல, விவாதமே இல்லாம, குரல் ஓட்டுல நிறைவேறுச்சு.

அடுத்த ரெண்டு மாசம் கழிச்சு மே 22. தூத்துக்குடி கலெக்டர் ஆபீசுக்கு ஸ்டெர்லைட்ட மூடச் சொல்லி நடந்து போன சனத்து மேல துப்பாக்கிச் சூடு. அதையும் தொடர்ந்து நடந்ததையும் சேத்து 13 பேர் போயிட்டாங்க. அந்தச் சட்டத்துக்கும் இந்தச் சூட்டுக்கும் முடிச்சு இருக்குன்னு நான் சொல்லல, யாரும் அப்படித் திரிக்க வேண்டாம். கம்பெனிகிட்ட வாங்குன காசுக்கு நாடாளுமன்றத்துல சத்தமில்லாமப் பாதுகாப்புக் கிடைச்சுது. கம்பெனி புகைய மூச்சுல இழுத்தவங்க கலெக்டரப் பாக்க நடந்து போனதுக்குக் குண்டு கிடைச்சுது. ரெண்டும் ஒரே வருசம், அத மட்டும்தான் சொல்றேன்.

"நீ பா.ஜ.க.வத் திட்டத்தான் இதெல்லாம் எழுதுத"ன்னு ஒருத்தன் வருவான். "நீ தி.மு.க.வத் திட்டுத"ன்னு இன்னொருத்தன் வருவான். ரெண்டு பேரும் தேர்தல் பத்திரப் பட்டியல எடுத்துப் பாருங்க. ஸ்டேட் வங்கியில வாங்கி, பேர் வெளிய தெரியாம கட்சிக்குக் குடுத்த பத்திரம் அது. 2024 பிப்ரவரி 15 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டம் செல்லாதுன்னு சொல்லிருச்சு. யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு சொல்ல ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரைக்கும் நேரம் கேட்டுச்சு. அதுக்குள்ள ஓட்டு எண்ணி முடிஞ்சே போயிருக்கும். கோர்ட்டு விடல. யார் குடுத்தாங்க, யார் வாங்குனாங்கங்கிற பட்டியல் மார்ச் 14 அன்னிக்கு வெளிய வந்துச்சு, யார் யாருக்குக் குடுத்தாங்கங்கிற விவரம் மார்ச் 21 அன்னிக்கு வந்துச்சு. எல்லாரையும் விட அதிகம் வாங்குனது பா.ஜ.க., 6,000 கோடிக்கு மேல. எல்லாரையும் விட அதிகம் குடுத்தது கோயம்புத்தூர் லாட்டரிக் கம்பெனி, 1,368 கோடி. அந்தக் கம்பெனிகிட்ட 509 கோடி வாங்குனது தி.மு.க. லாட்டரிய 2003லயே தடை பண்ண தமிழ்நாட்டுல இருக்க கட்சி. இதுல எந்தக் கட்சிக்கு நான் வக்காலத்து வாங்கணும்னு சொல்லுங்க. பத்திரத்துல காசே வேண்டாம்னு சொல்லி கோர்ட்டுக்கும் போனது மார்க்சிஸ்ட் கட்சி, அதச் சொல்லாம விட்டா அநியாயம்.

முன்னால ஒரு வரம்பாவது இருந்துச்சு. ஒரு கம்பெனி தன்னோட மூணு வருசச் சராசரி லாபத்துல ஏழரை சதவீதத்துக்கு மேல கட்சிக்குக் குடுக்க முடியாது. 2017ல அதையும் எடுத்துட்டாங்க, தீர்ப்பு வந்த பெறவுதான் திரும்ப வந்துச்சு. எடுத்தப்ப நம்மள யாராவது கேட்டாங்களா? திரும்ப வந்தப்பவாவது நமக்குத் தெரியுமா?

"சனமே ஓட்டுக்குக் காசு வாங்குது, நீ பெரிய மனுசங்களக் கொறை சொல்ல வந்துட்ட"ன்னு ஒரு சித்தப்பா எழுதியிருக்காரு. சித்தப்பா, உங்க மேல மரியாதை உண்டு, ஆனா இத என்னால ஏத்துக்கிட முடியாது. 2024 ஏப்ரல்ல தாம்பரத்துல நம்ம நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறக்கொறைய 4 கோடி ரூபாய் பிடிபட்டுச்சே, அந்தப் பணம் களை பறிக்கப் போற பொம்பளை மடியில இருந்தா வந்துச்சு? எங்கயோ குவிஞ்சு கெடந்த எடத்துல இருந்துதான வந்துச்சு? ஐநூறு ரூபாய வாங்குனவளுக்கு "வெல போயிட்டா"ன்னு பேரு. ஐநூறு கோடியக் குடுத்தவருக்கு "நன்கொடையாளர்"னு பேரு. அந்த ஐநூறும் ஒரு வார அரிசிக்குப் போயிரும். அந்த ஐநூறு கோடி எதுக்குப் போச்சுன்னு ஏன் ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறீங்க? கோவம் எப்பவும் ஏன் கீழ பாத்தே பாயுது?

"பணக்காரன் இருந்தாத்தான் வேலை வரும்"ங்கிறதுல கொஞ்சம் நியாயம் உண்டு. அத ஒத்துக்கிடுறேன். ஆனா பட்டியல முழுசாப் போடுங்க. செத்தவங்க விட்டுட்டுப் போற சொத்துக்கு 1953ல கொண்டு வந்த எஸ்டேட் வரிய 1985ல எடுத்தாச்சு. பெரும் பணக்காரங்க சொத்துக்கு 1957ல வந்த செல்வ வரிய 2015 பட்ஜெட்டுல எடுத்தாச்சு. 2019ல கம்பெனி வரிய 30 சதவீதத்துல இருந்து 22க்கு எறக்கியாச்சு. நாம சோப்புக்கும் செருப்புக்கும் கட்டுற ஜி.எஸ்.டி. அவர் கட்டுற அதே விகிதம்தான். 2022-23ல இந்தியாவோட மொத்தச் சொத்துல 40 சதவீதம் மேல இருக்க ஒரு சதவீதம் பேர்கிட்ட இருந்துச்சுன்னு உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் சொல்லுது. அந்த ஒரு சதவீதம்தான் கட்சிக்குப் பணம் குடுக்கு, அந்தக் கட்சிதான் வரியக் கொறைக்கு. இந்த வட்டத்துக்குள்ள நம்ம ஓட்டு எங்க வருது?

நம்ம கடற்கரைத் தாது மணலயே பாருங்க. 2013ல அத அள்ளத் தடை போட்டாங்க. அள்ளுன கம்பெனிகள்கிட்ட 5,832 கோடி வசூலிக்கணும், சி.பி.ஐ. விசாரிக்கணும்னு உயர் நீதிமன்றம் சொல்றதுக்கு 2025 ஆயிருச்சு. எடையில எத்தன தேர்தல், எத்தன தடவ வரிசையில நின்னு மை வச்சுக்கிட்டோம்! மணல் போறதத் தடுக்க அந்த மை உதவல.

1908ல தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிங்க கூலி கேட்டு வேலைநிறுத்தம் பண்ணப்ப வ.உ.சி. கூட நின்னாரு. மில்லுக்காரன் கூலிய ஏத்திக் குடுத்தான். ஆனா அதே மாசம் வ.உ.சி.யப் பிடிச்சு உள்ள போட்டாங்க, மார்ச் 13 அன்னிக்குத் திருநெல்வேலி கொந்தளிச்சுது, நாலு பேர் குண்டடி பட்டுச் செத்தாங்க. மில்லும் சர்க்காரும் ஒன்னா நின்ன காலம், நமக்கு ஓட்டே கிடையாது. இப்ப ஓட்டு இருக்கு, பெறவு ஏன் சித்தி உக்கார வேண்டி வந்துச்சு?

அதுக்கு எனக்குப் பதில் தெரியும். எங்க அம்மா பீடி சுத்தித்தான் என்னப் படிக்க வச்சா. மடியில தட்டு, தட்டுல நனைச்ச இலை, தூள், கத்தரி, நூலு. ராத்திரி சீரியல் முடிஞ்ச பெறவும் கை ஓடிக்கிட்டே இருக்கும். சாயங்காலம் கட்டுகள எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போகும்போது நானும் போவேன். கடைக்காரர் ஒவ்வொரு கட்டா பெருவிரலால அமுக்கிப் பாத்து, பிடிக்காதத ஒதுக்கிப் போடுவாரு. கழிச்சதுக்குக் கூலி கிடையாது, அதுல போன இலைக்கும் நாமதான் பொறுப்பு. தேர்தல் வந்தா அவரே சிரிச்சுக்கிட்டு, "எல்லாரும் நம்ம சின்னத்துக்கே போட்டுருங்கம்மா"ன்னு சொல்லுவாரு. அவ்வளவுதான். மிரட்டலே இல்ல. எதுத்த வீட்டு அத்தை ஒருத்தி மட்டும், "ஏன் அண்ணாச்சி, நாங்க யோசிச்சுப் போட மாட்டமா?"ன்னு கேட்டுட்டா. அடுத்த வாரம் அவளுக்குக் கிடைச்சது கிழிஞ்ச இலை. கட்டுல பாதி கழிசல். கேட்டா, "இலை இப்படித்தான வருது"ன்னு பதில்.

எங்க அம்மா யாருக்கு ஓட்டுப் போட்டான்னு சாகுற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. கடையில தலைய ஆட்டுவா, பூத்துக்குள்ள அவ இஷ்டம். ஓட்டு ரகசியமா இருந்துச்சு. ஆனா மனுசி பேசுறது ரகசியம் இல்லையே! ஓட்டு அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவ, எடையில உள்ள அத்தன நாளும் பேச்சுதான் சனநாயகம். வேலையும் கூலியும் நன்கொடையும் ஒரே கையில இருந்தா அந்தப் பேச்சு செத்துரும். கிராம சபைக்கும் அதுதான், நாடாளுமன்றத்துக்கும் அதுதான்.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கேன்னு கேக்கிறவங்களுக்கு இதையும் சொல்லிருதேன். போன பதிவப் போட்டதுல இருந்து எனக்குப் போன் வந்துக்கிட்டே இருக்கு. திட்டி வரல. எல்லாம் பாசமான போனு. "மக்கா, நீ சொல்லுதது நெசந்தான். ஆனா உன் தங்கச்சி மாப்பிள்ளை அவுகட்டதான டாரஸ் லாரி ஓட்டுதான்?" "பெரியப்பா மகனுக்கு அவுக கல் உடைக்க கிரஷர்ல கணக்கு எழுதுத வேலை கேட்டிருக்கோம், கெடுத்துராத." கைதட்டுனவங்க மேல எனக்கிருந்த கோவம் இதக் கேட்ட பெறவு போயிருச்சு. வலிதான் மிச்சம். இத்தனை பேருக்கும் அவர் ஒருத்தர்தான் வழின்னா, யார் எந்திரிச்சுப் பேசுவா? "உனக்கு எதுக்குல வயிறு எரியுது"ன்னு கேட்டவனோட தம்பியும் அங்கதான் வேலை பாக்கான். அவன் ஏன் அப்படி எழுதுனான்னு எனக்கு இப்பப் புரியுது, புரிஞ்சும் வலிக்குது.

போன் பண்ணவங்களுக்கு ஒன்னு. உங்களுக்கு என் மேல இருக்க அக்கறை உண்மைதான், நான் சந்தேகப்படல. எனக்குப் பண்ண மாதிரி ஒரே ஒரு தடவ அண்ணாச்சிக்குப் போன் பண்ணிப் பாருங்க. குவாரிய மூடச் சொல்ல வேண்டாம். "வெடி போடுததுக்கு முன்னால ஊருக்குச் சொல்லிருங்க, லாரி போற ரோட்டுல தண்ணி தெளிங்க"ன்னு மட்டும் கேளுங்க. கேக்க முடிஞ்சுதா, என்ன பதில் வந்துச்சுன்னு இங்க கீழ வந்து எழுதுங்க.