கிளேர் டோரியை விட்டுவிட்டீர்களே!

பிரிட்டிஷ் ராக் இசைக்குழு பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) ஆல்பம் பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் பாராட்டெல்லாம் குழுவின் கிட்டார் கலைஞர் கில்மரின் கிட்டாருக்கே போய்விட்டது. அதிலுள்ள 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டில் ஒரு வார்த்தைகூட இல்லாமல் பாடகி கிளேர் டோரி கதறி, கெஞ்சி, கடைசியில் முனகலாக அடங்குகிறாரே, ஒவ்வொரு முறையும் எனக்குப் புல்லரிக்கும். அதற்கு அவருக்குக் கிடைத்தது வெறும் 30 பவுண்டு! 2004-இல் வழக்குப் போட்ட பிறகுதான் பாட்டை உருவாக்கியவர்களில் அவர் பெயரும் சேர்ந்தது.

அப்புறம் 'மனி' பாட்டு. கல்லாப்பெட்டிச் சத்தமும் சில்லறைச் சத்தமும் ஏழு எண்ணிக்கைத் தாளத்தில் விழ, கிட்டார் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் தாளம் சட்டென்று நாலுக்குத் தாவும். அந்த இடம் அட்டகாசம்! இந்த ஆல்பத்தைப் போய் பாட்டு வரிசையைக் கலைத்து ஷஃபிளில் போட்டுக் கேட்கிறவர்களை என்ன சொல்வது?