ஒரே தளத்தில் குடியிருந்தால் போதுமா?

சிங்கப்பூரில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடு வாங்கப் போனால் நம் இனமும் கணக்கில் வரும். 1989இலிருந்து இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருக்கிறது. ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், எந்த இனத்தவரும் இன்ன விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. 1964 இனக் கலவரங்களில் 36 பேரைப் பறிகொடுத்த ஊர் இது. மறுபடியும் இனவாரியாகப் பிரிந்து வாழக்கூடாது என்ற கவலையில் எனக்கு முழு உடன்பாடு.

இதில் சிறுபான்மையினருக்கு நட்டமும் உண்டு. சீனர்களுக்கான வரம்பு நிறைந்துவிட்ட புளோக்கில் ஓர் இந்தியர் தன் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க ஆள் குறைந்தால் விலையும் இறங்கும். அப்படியும் இந்தக் கொள்கை வேண்டும் என்றுதான் சொல்வேன்.

ஆனால் சட்டம் நம்மை ஒரே மின்தூக்கியில் ஏற்றிவிடும், அவ்வளவுதான். பேசுவது நம் பாடு.

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். மேசையில் ஐந்து சீனர்கள், ஒரு மலாய்க்காரர். பேச்சு மாண்டரினுக்குப் போய்விடும். அவர் கைப்பேசியை எடுத்துக்கொள்வார். நான்கு தமிழர்கள் கூடினால் நாமும் இதையேதான் செய்கிறோம், பக்கத்தில் ஒரு சீனர் உட்கார்ந்திருந்தாலும். அப்புறம் ஹலால் இல்லாத கடைக்கே தினமும் போவார்கள். அந்த மலாய் நண்பர் இரண்டு முறை வரவில்லை என்றால் மூன்றாம் முறை கூப்பிடவே மறந்துவிடுவார்கள். யாருக்கும் யார் மீதும் வெறுப்பு கிடையாது. இருந்தும் ஒருவர் தனியாகச் சாப்பிடுகிறார். எனக்கு இதுதான் பெரிய வருத்தம். கடையை மாற்றினால் தீர்ந்துவிடும் விஷயம் இது.

வாடகை வீட்டு விளம்பரங்களில் ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்று எழுதுவதைப் பற்றி நாம் கோபப்படுகிறோம். நியாயமான கோபம். ஆனால் இந்தியர் கேட்டால் அது புகாராகவே காதில் விழும். அந்த வீட்டுக்காரரின் சீன நண்பர் “ஏன் இப்படி எழுதினாய்?” என்று ஒரு வார்த்தை கேட்டால் அவர் யோசிப்பார். பாதிக்கப்படாதவர் கேட்கும் கேள்விக்கு அந்தக் கனம் உண்டு.

அதே பொறுப்பு நமக்கும் இருக்கிறது. தீபாவளி விருந்தில் கூடியிருப்பவர்கள் எல்லாரும் நம்மவர்கள்தான். மலாய்க்காரர்களைச் சோம்பேறிகள் என்று ஒரு மாமா சொல்வார். கட்டுமானத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்தவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே பிடிக்காது என்று இன்னொருவர் சொல்வார். மரியாதைக்காக எல்லாரும் சிரித்துவிட்டுப் போகிறோம். “அப்படிச் சொல்லாதீங்க மாமா, தப்பு” என்று அங்கேயே சொல்லுங்கள். விருந்து முடிந்தபின் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதில் பாதிப் பயன்தான். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு மறுப்பும் கேட்க வேண்டும்.