டெல்லியில் முதல் நாள்: ஒன்பது இடங்கள், இருபது நிமிடங்கள்

பள்ளிப் பிள்ளைகளை டெல்லிக்கு அழைத்துச் செல்லத் திட்டமிடும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் நாளில் ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் கூட்டிச் செல்லுங்கள். மீதிப் பொழுதில் அவர்கள் நடக்கட்டும், சாப்பிடட்டும், தூங்கட்டும். போன ஆண்டு நவம்பரில் நான் அப்படிச் செய்யவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

நான் வேலூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்து நான்கு பேர், ஆசிரியர்கள் நான்கு பேர். காட்பாடியிலிருந்து சென்னைக்கு வந்து, சனிக்கிழமை இரவு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினோம். சனி இரவு ஏறினால் திங்கள் காலை டெல்லி. பள்ளி நாள் ஒன்று மிச்சம். பல பள்ளிகள் போடும் கணக்குத்தான் இது.

ரயிலில் அவர்கள் மகிழ்ச்சியாகவே இருந்தார்கள். நர்மதைப் பாலத்தைக் கடக்கும்போது இருட்டிவிட்டது. ஆனாலும் வரைபடத்தில் கோடாகப் பார்த்த நதி கீழே ஓடுகிறது என்று தெரிந்ததும் பெட்டியில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. அந்த ஆர்வத்தோடுதான் டெல்லியில் இறங்கினார்கள். மாலைக்குள் அதை நாங்களே தீர்த்துவிட்டோம்.

ரயில் இரண்டரை மணி நேரம் தாமதம். சுற்றுலா ஏற்பாட்டாளரின் பட்டியலில் முதல் நாளுக்கு ஒன்பது இடங்கள் இருந்தன. தாமதத்தால் இடங்கள் குறையவில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் உரிய நேரம்தான் குறைந்தது. விடுதியில் குளிக்க அரை மணி, பிறகு பஸ். வழிகாட்டி ஒலிபெருக்கியில் உயரங்களையும் ஆண்டுகளையும் சொல்லிக்கொண்டே வந்தார். முப்பது மணி நேரத்துக்கு மேல் ரயிலில் வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் இந்தியா கேட் வருவதற்குள் தூங்கிப்போனார்கள்.

இந்தியா கேட்டின் உயரம் 42 மீட்டர் என்பது பாடப்புத்தகத்திலேயே கிடைக்கும். நேரில் நிற்கும்போதுதான் வேறு கேள்விகள் எழும். ஒரு பையன் கேட்டான்: “வெள்ளைக்காரன் கட்டியதுதானே டீச்சர்? அப்படியென்றால் இவர்கள் யாருக்காகச் செத்தார்கள்?” முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்து உயிரிழந்த 70,000-க்கும் மேற்பட்டவர்களுக்கான நினைவுச் சின்னம் அது. 1931-இல் திறக்கப்பட்டது. எங்கள் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் படையில் இருக்கும் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த பிள்ளையின் கேள்விக்கு அரை மணி நேரமாவது கொடுத்திருக்க வேண்டும். நான் இரண்டு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

அதற்கு அருகிலேயே தேசியப் போர் நினைவுச் சின்னம், 2019-இல் திறக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு உயிர்நீத்த 25,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை, வட்ட வட்டமாக எழுப்பிய கருங்கல் சுவர்களில் தங்க நிற எழுத்துகளில் பொறித்திருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். அதில் பாதி, பள்ளியின் பெயர் போட்ட பேனரைப் பிடித்துப் படம் எடுப்பதில் போயிற்று. பேனருக்காகப் பிள்ளைகளை உயரவாரியாக நிறுத்தியது நான்தான்.

அந்த நேரத்தில் ஒரு மாணவி மட்டும் வரிசையில் இல்லை. தேடிப் போனால், சுவரில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பாட்டியின் அண்ணன் 1971 போரில் இறந்தவர். உடல் ஊருக்கு வரவில்லையாம். கிளம்பும்போது பாட்டி ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பியிருக்கிறார்: “அண்ணன் பெயர் இருக்கிறதா, பார்த்துவிட்டு வா.” “இன்னும் ஐந்து நிமிடம் டீச்சர்” என்று கெஞ்சினாள். செங்கோட்டைக்கு நேரமாகிறது என்று கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

செங்கோட்டை மூடியிருந்தது. திங்கட்கிழமை அதற்கு வார விடுமுறை. தாமரைக் கோயிலும் அப்படியே. தேசிய அருங்காட்சியகமும் காந்தி ஸ்மிருதியும்கூடத் திங்களன்று திறப்பதில்லை. பட்டியல் போட்டவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. சரிபார்க்காதது எங்கள் தவறு. பூட்டிய கதவுக்கு முன்னால் மறுபடி பேனர், மறுபடி படம். மிச்சப்பட்ட நேரத்திலாவது போர் நினைவுச் சின்னத்துக்குத் திரும்பப் போகலாம் என்றேன். பஸ் ஒரு துணிக்கடை வாசலில் போய் நின்றது. ஒன்றே கால் மணி நேரம் அங்கே! குதுப்மினாரை அடைந்தபோது ஏழு பேர் பஸ்ஸை விட்டு இறங்கவே மறுத்துவிட்டார்கள்.

“பெற்றோர் கொடுத்த காசுக்கு நாலு இடம் கூடுதலாகக் காட்ட வேண்டாமா?” என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பிள்ளைகளில் ஒருவனின் அப்பா இரண்டு ஆடுகளை விற்றுப் பணம் கட்டினார். இன்னொரு முறை டெல்லியைப் பார்க்கும் வாய்ப்பு அவர்களில் பலருக்கு வராமலே போகலாம். அதனால்தான் சொல்கிறேன், அந்த ஆட்டுப் பணத்துக்குப் பேனர் படங்களை ஈடாகக் கொடுக்காதீர்கள். ஊருக்குத் திரும்பியபின் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒன்பது இடங்களில் ஐந்தின் பெயரைக்கூடப் பெரும்பாலோர் சரியாக எழுதவில்லை. நர்மதையைப் பற்றி எல்லோரும் எழுதியிருந்தார்கள். மூன்றாம் நாள் மெட்ரோவில் அவர்களையே டிக்கெட் வாங்கவிட்டு, எந்த நிறத் தடத்திலிருந்து எந்த நிறத்துக்கு மாற வேண்டும் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னோம். அதையும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்.

பட்டியலை ஏற்பாட்டாளர் கையில் விடாதீர்கள். ஞாயிறு இரவு ரயில் ஏறுங்கள். ஒரு பள்ளி நாள் கூடப் போகும், போகட்டும். செவ்வாய்க்கிழமை எல்லாக் கதவும் திறந்திருக்கும். கடைக்குப் போக மாட்டோம் என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். பேனரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

அந்த மாணவியிடம் சில வாரம் கழித்துக் கேட்டேன், பாட்டியிடம் என்ன சொன்னாய் என்று. “பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன் டீச்சர். எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள். மேலே, மூன்றாவது வரிசையில் என்றேன்.”

இந்த ஆண்டு அவளுடைய தம்பி வருகிறான். பெரிய தாத்தாவின் பெயர், படைப்பிரிவு, இறந்த ஆண்டு மூன்றையும் பாட்டியிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்கிறேன். முதல் நாள் திட்டத்தில் போர் நினைவுச் சின்னம் மட்டும்தான் இருக்கிறது. நேரம் குறிக்கவில்லை.